இடக்கைக்கு வளைத்த கியர் லீவர்

17.04.1988, ஞாயிறு. கிரின்ஸ்டெட், டென்மார்க்.

மாக்கிரட்டின் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. இன்று நாலாம் முறை வாசித்தேன். பிரியந்திக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. என் படத்தைக் காட்டி "ஆரிது?" என்று கேட்டால் "டென்மார்க்" என்கிறாளாம். மாக்கிரட் இதைப் பகிடியாகத்தான் எழுதியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மாதக் குழந்தையாக இளவாலையில் விட்டுவிட்டு வந்தவன் நான். நாளைக்கு நேரில் கண்டாலும் என்னை ஆரெண்டு அவளுக்குத் தெரியப்போவதில்லை.

அவர்கள் இருவரையும் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம். கோப்பன்ஹேகனிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்கள் ஒருவருக்குமே இல்லை.

பின்னேரம் இங்கர் அக்கா வந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற டெனிஷ் தாதி. வேலையில்லாத நாட்களில், பதில் வராமல் கிடக்கிற எங்கள் ஆட்களின் கடதாசிகளை ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கிறார். ஒடென்சேயில் ஒரு பெண் வழக்கறிஞர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி முறைப்பாடு அனுப்பப் போகிறார். அக்காவுக்கு அலுவலகம், கந்தோர் எல்லாம் ஒரு பழைய கம்பிங்பில் - படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் உள்ளேயே இருக்கிற வான். இங்கே எல்லாரும் வெறும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னிலும் பதினாறு வயது மூத்த பெண்ணை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அக்கா என்றால் என்னவென்று ஒருநாள் கேட்டார், சொன்னேன். இப்போது ரெலிபோனில் தானே "இங்கர் அக்கா பேசுகிறேன்" என்கிறார்.

இன்று கையில் ஒரு கம்பியோடு வந்து அதை மேசையில் வைத்தார். கியர் லீவர், அடியோடு முறிந்தது. ஹொல்ஸ்டெப்ரோவில் முறிந்திருக்கிறது. மிஞ்சிய கட்டையில் ஒரு பூட்டுக் குறட்டைக் கவ்வ வைத்து, அந்தக் குறட்டைப் பிடித்தே எழுபது கிலோமீற்றருக்கு மேல் கியர் மாற்றி ஓட்டி வந்திருக்கிறார். வந்தவர் முதலில் கேட்டது, குலேந்திரனின் கலியாணப் பதிவுப் பத்திரம் எங்கே என்று.

அறையில் என்னோடு இருக்கிற குலேந்திரன் கீழே போய் வானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "அண்ணை, குறடு இன்னும் கவ்விக்கொண்டுதான் நிக்குது. இந்த மனுசிக்குப் பயமெண்டு ஒண்டு இல்லையோ?"

18.04.1988

தபால் இல்லை.

20.04.1988, புதன்

முறிந்த லீவரை என்னிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேலை முடிந்து வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கினது அல்ல. அவரே செய்தது.

வானோடு வந்த முதல் லீவர் ஒன்பது வருடத்துக்கு முன் நோர்வே மலையில் முறிந்ததாம். அந்த வானுக்கு உதிரிப் பாகம் வருவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. என்ன செய்தார் என்றால், ஆஸ்பத்திரியில் எறிந்த, மருந்துப் போத்தல் தொங்கவிடுகிற தூணின் குழாயை எடுத்து வெட்டியிருக்கிறார். குழாய்க்குள், வீடு கூட்டுகிற தும்புத்தடியின் கம்பு ஒன்றை இறுக்கி அடித்திருக்கிறார், கை அதிராமல் இருக்க. அடியில் சைக்கிள் ரியூப் சுற்று. உச்சியில் குமிழுக்கு, கிழிந்த காலுறையைத் தைக்கும்போது உள்ளே வைக்கிற மரக் காளான்! பித்தளை ஒட்டும் அவரே வைத்ததுதான், தன் தம்பியின் பண்ணைக் கொட்டிலில்.

யாழ்ப்பாணத்தில் லேத் பட்டறையில் பதினொரு வருடம் நின்றவன் நான். ஒருத்தரின் ஒட்டைப் பார்த்தால் அவர் ஆளைச் சொல்லுவேன். குறை பிடிக்கத்தான் கையில் எடுத்தேன், உள்ளதைச் சொல்ல வேண்டும். பிடிக்க முடியவில்லை. முறிந்தது ஒட்டுக்கு ஒரு விரல் கீழே, வெறுங்குழாயில். அவர் வைத்த ஒட்டு ஒன்பது வருடமும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் கையே தனக்குதவி என்று சும்மா சொல்லிக்கொண்டு திரிகிறோம். இந்தப் பெண் அதைப் பாவித்து ஓடியிருக்கிறார்.

நான் இங்கே பெட்டிக்கு மூடி போடுகிறேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் மூடி.

21.04.1988, வியாழன்

நானே புதிசு செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்தோசப்பட்டார். நாளை பின்னேரம் ஏழு மணிக்கு முன் கடதாசி முழுவதும் ஒடென்சே போய்ச் சேரவேண்டும். சனி காலையில் அந்த வழக்கறிஞர் மூன்று கிழமை வெளிநாடு போகிறார். சில பத்திரங்கள் தமிழில் மட்டும் இருப்பதால் விளங்கப்படுத்த நானும் கூடப் போகிறேன்.

இன்று அக்காவுடைய தம்பியின் பண்ணை முற்றத்தில் வானை நிறுத்தி, குறடு கவ்வியிருந்த கட்டையை அராவி மரை வெட்டினேன். நல்ல மரை. நீளம், தடிப்பு எல்லாம் அளந்தேன். அக்கா ஒரு துண்டில் வளைவைப் படமாகக் கீறித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இதே இங்கிலாந்து வானுக்கு எங்கள் பட்டறையில் எத்தனை லீவர் வளைத்திருப்பேன்! சாமான் இறக்குமதி இல்லாத காலத்தில் வடமராட்சியிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு வளைப்பேன் என்றேன்.

அப்படியே சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு.

23.04.1988, சனி

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து நேரே கொட்டிலுக்குப் போனேன். வான் அப்போது அக்காவோடு ஒரு நோயாளி வீட்டில் நின்றது, பழைய குழாயைக் கட்டையில் சொருகிக் கம்பியால் கட்டிக் கொடுத்திருந்தேன். உருக்குக் கம்பியைக் காய்ச்சி, வளைத்து, மரை கடைந்து, மினுக்கி எடுத்தேன். கை மறக்கவில்லை. எனக்கே என்மேல் ஒரு பெருமை. நாலரைக்கு அக்கா வந்தார். பூட்டினேன். இறுக்கினேன். தள்ளி நின்று பார்த்தேன்.

லீவர் அக்காவைப் பார்க்காமல் பக்கத்து இருக்கையைப் பார்த்து வளைந்து நின்றது.

எங்கள் ஊரில் சாரதி வலப்பக்கம். லீவர் அவரின் இடக்கைக்கு வரவேண்டும். பதினொரு வருடம் அப்படித்தானே வளைத்தேன். இங்கே சாரதி இடப்பக்கம் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டரை வருடமாகப் பார்க்கிறேன். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

ஐயோ, எனக்கு வந்த கோவம் - மடையா, மடையா எண்டு தலையில அடிச்சன். அரைச் சுற்றுத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கம் வந்தது, ஆனால் பின்னுக்கு வரவேண்டிய வளைவு முன்னுக்குப் போய், முதலாம் கியருக்குத் தள்ளும்போது ஹீற்றரில் முட்டியது. வலக்கால் சப்பாத்தை எப்படித் திருப்பினாலும் இடக்காலுக்கு ஆகாது. காய்ச்சி மறுபடி வளைக்க உலை அணைந்துவிட்டது. பழையபடி குறடு போடலாம் என்றால், குறடு கவ்வ இருந்த கட்டையில் நான்தான் மரை வெட்டி வைத்திருக்கிறேனே. கம்பியால் கட்டின பழைய குழாய் ஊருக்குள் ஓடத்தான் தாங்கும், ஒடென்சே வரை தாங்காது. வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸும் போய்விட்டது. பதினாலு குடும்பத்தின் கடதாசி வானுக்குள் இரண்டு பெட்டியில். அதில் மாக்கிரட்டும் பிரியந்தியும்.

அக்கா சாரதி இருக்கையில் ஏறி, லீவரை எட்டிப் பார்த்தார். எட்டவில்லை. எட்டினால் ஸ்ரேறிங் சேர்ந்து திரும்புகிறது. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் ஏறு. நான் கிளச்சை மிதித்து நம்பர் சொல்கிறேன், நீ கியரைப் போடு" என்றார்.

"பொலிஸ்?"

"ஸ்ரேறிங்கில் ஒரு ஆள்தானே இருக்கிறேன்."

ஏறினேன். என் இடக்கைக்கு இரண்டரை வருடத்துக்குப் பிறகு வேலை கிடைத்தது.

"ஃபோர்ஸ்ட" என்றார், முதலாம் கியர். போட்டேன். "அனன்", இரண்டாம் கியர். போட்டேன். பண்ணை வாசல் தாண்டும்போது ஒருமுறை கர்ர் என்றது. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. அவர் சொல்லுவதற்கு முதலே எஞ்சின் சத்தம் எனக்குச் சொல்லிவிடும். அவர் கால் எழும்புவதும் என் கை தள்ளுவதும் ஒன்றாக நடந்தது. பாதித் தூரத்துக்குப் பிறகு அவர் நம்பர் சொல்லுவதையே விட்டுவிட்டு, தன் நோயாளி ஒருத்தர் வளர்க்கிற சேவலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு ஓட்டினார்.

வைலெ ஊரில் ஒரு பெரிய ஏற்றம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். நான் தவறவிட்டேன். வான் ஒரு கியரிலும் இல்லாமல் நின்று பின்னால் வழுக்கத் தொடங்கியது. பின்னால் ஒரு லொறி. அந்தப் பெட்டிகள் பின்பக்கம் சரிந்த சத்தம் கேட்டது. நான் "மாதாவே" என்று கத்திவிட்டேன். அக்கா கைபிறேக்கை இழுத்தார். முகத்தில் ஒரு மாற்றமில்லை. கண்ணாடியில் லொறிக்காரனுக்குக் கை காட்டினார், ஊசி போட முதல் நோயாளிக்குக் காட்டுவாரே, அந்த மாதிரி. பிறகு எனக்கு, "இன்னொரு தடவை. முதலாம்." அவ்வளவுதான். என் பிழையால் வந்த வினை, ஒரு சொல் அதைப் பற்றி இல்லை. எங்கள் பட்டறை முதலாளியாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க ஒடென்சே. வழக்கறிஞர் ஒவ்வொரு பத்திரமாகப் பார்த்தார். தமிழில் இருந்ததை நான் விளங்கப்படுத்தினேன். பிரியந்தியின் படத்தைக் கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தார். பதினாலும் சரி என்றார்.

திரும்பும்போதும் அப்படியே வந்தோம். "லீவரை இப்படியே விட்டுவிடு, எனக்கொரு கியர்க்காரன் கிடைத்திருக்கிறான்" என்கிறார் அக்கா.

குலேந்திரனுக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். "ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணை. ஆனா ஆனை கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறேல்லை" என்கிறான்.

30.04.1988

இரண்டாம் லீவர் முடிந்தது. படம் கீறித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, அதன்படி இடப்பக்கம் வளைத்தேன். குமிழுக்கு அவருடைய மரக் காளானையே பூட்டினேன். அதைவிட நல்லது என்னால் செய்ய முடியாது.

12.06.1988, ஞாயிறு

ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. பழைய கம்பிங்பில் வைத்திருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்களாம். அக்கா என்னையும் கூட்டிப்போனார். பதினேழு வான். எல்லாரும் கோப்பியும் கேக்குமாக இருந்தார்கள். நான் ஒவ்வொரு கதவாகப் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

பதினேழில் பதினொன்றுக்கு வீட்டில் செய்த கியர் லீவர்!

ஒன்று பால் கறக்கிற இயந்திரத்தின் குழாய். ஒன்று படகுத் துடுப்பின் பிடி. ஒன்று மாடிப்படிக் கைபிடிக் கம்பி, அதன் பித்தளைப் பூவோடு. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பனிச்சறுக்குத் தடியை வெட்டி வைத்து, மூன்றாம் கியரில் அது நடுங்குகிறது என்று வெட்கப்பட்டார். உள்ளே மரம் இறுக்கச் சொன்னேன். அக்காவிடம் படித்ததைத்தான் சொன்னேன். வாத்தியார் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்தியது ஒரு பல்வைத்தியரின் லீவர். பொய்ப்பல் பதிந்து நிற்கிற முரசு செய்கிற ரோஸ் நிற மாவைக் குழைத்து, இறுகுவதற்கு முன் கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஐந்து விரலின் பள்ளமும் அப்படியே. பிடித்துப் பார் என்றார். பிடித்தேன். பெரிய கை அவருக்கு. என் விரல்கள் பள்ளத்துக்குள் நிற்கவில்லை. அந்த வானை அவரைத் தவிர ஒருத்தரும் நிம்மதியாக ஓட்ட முடியாது. இந்த வெள்ளைக்காரர் கடைக்குப் போய்க் காசை எறிந்து வாங்குகிறவர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பழையதை எறிய மனமில்லாதவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். எனக்கு அந்தப் புல்வெளியை விட்டு வர மனமே இல்லை.

அக்கா என் இரண்டாம் லீவரை எல்லாருக்கும் காட்டினார். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, முதலாம் லீவரையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒடென்சே போன கதையைச் சொன்னார். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும், "அந்தப் பெட்டிகளுக்குள் இவனுடைய மனைவியும் மகளும் இருந்தார்கள்" என்றார். பிறகு, எங்கள் குடும்பங்களைச் சேர விடும்படி அரசாங்கத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தை வைத்து, வாசித்துப் பார்த்து விரும்பினால் கையெழுத்து வையுங்கள் என்றார். பல்வைத்தியர் இரண்டு தரம் வாசித்தார். பதினேழு வானிலிருந்தும் கையெழுத்து விழுந்தது.

02.11.1988

பிரியந்திக்குக் காய்ச்சல் என்று கடிதம். போட்டு இருபத்தைந்து நாள். இப்ப என்ன நிலைமையோ. ஊரடங்கு நேரத்தில ஆர் டொக்டரட்டக் கொண்டு போறது? நான் இஞ்ச இருந்து பெட்டிக்கு மூடி போடுறன். மூடி. மூடி. மூடி. ஒரு மனுசன் எண்டு சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு?

20.11.1988

காய்ச்சல் சுகமாம். தேவனுக்குத் தோத்திரம்.

14.01.1989

டெனிஷ் லைசென்ஸ் கிடைத்தது. இரண்டாம் முறைதான் பாஸ். வலக்கையால் கியர் மாற்றுவது எனக்கு இன்னும் சரிவரவில்லை. முதல் முறை பரீட்சையில் கியரைத் தேடிக் கதவைத் தட்டினேன். பரீட்சகர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

05.03.1989, ஞாயிறு

பேப்பரில் பெரிதாக வந்திருக்கிறது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை அப்படியே கிடப்பில் வைத்திருந்தது சட்டப்படி பிழை என்று, அரசாங்கத்தையே கேள்வி கேட்கிற அதிகாரி சொல்லியிருக்கிறார். அக்கா பேப்பரோடு வந்து நின்றார். ஒடென்சேப் பெட்டியாலா இது நடந்தது என்று கேட்டேன். "எத்தனையோ பேர் எத்தனையோ பெட்டி கொடுத்திருப்பார்கள். அதில் எங்களுடையதும் ஒன்று" என்றார். தன்னை ஒரு அங்குலம் உயர்த்திச் சொல்லத் தெரியாத மனுசி.

19.06.1989, திங்கள்

வந்துவிட்டது! மாக்கிரட் சூசைதாசன், பிரியந்தி சூசைதாசன். இரண்டு பேருக்கும் அனுமதி.

குலேந்திரனுக்கு இன்னும் இல்லை. அவன்தான் கடிதத்தைப் பிரித்து எனக்கு வாசித்தான். வாசித்து முடித்து, என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, குளிக்கிற அறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தான்.

05.08.1989, சனி

கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். அக்காதான் கோப்பன்ஹேகனுக்கு வானில் கூட்டிப்போனார், கப்பலில் ஏற்றி. மாக்கிரட் மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். "இஞ்சேருங்கோ, உங்களுக்கு முடி கொட்டிப் போச்சு" என்றாள். மூன்று வருடம் எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குச் சொன்ன முதல் சொல்.

பிரியந்தி தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கையை நீட்டினேன். வரவில்லை. அக்கா குனிந்து அவளுக்கு ஏதோ டெனிஷில் சொல்லி, வானின் படியைக் காட்டினார். அவரிடம் போனாள்.

20.08.1989

இன்று சமைக்கும்போது பிரியந்தி தாயிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"அம்மா, அந்த மாமா எப்ப தன்ர வீட்டை போவார்?"

மாக்கிரட் அடிக்கக் கை ஓங்கினாள். நான் தடுத்தேன். பிள்ளையில் என்ன பிழை? வீட்டுக்கு வந்த ஆளைப் பற்றித்தானே கேட்டது.

03.09.1989

அக்கா பிரியந்தியை வானில் ஏற்றிப் பண்ணைக்குக் கூட்டிப்போய் வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லில்லை, எப்படித்தான் நாள் முழுக்கக் கதைத்தார்களோ. பிள்ளைக்கு ஒரே புளுகம், வந்து சந்தோசம் தாங்காமல் தாய்க்குச் சொன்னாள். இங்கர் அக்கா கியர் போடுவாவாம், மாடு இருக்காம், ஃபோர்ஸ்ட, அனன், த்ரெதியெ என்று எண்ணிக் காட்டினாள். நான் கிட்டப் போனதும் நிறுத்திவிட்டாள்.

அக்காவில் எனக்குப் பொறாமை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

17.09.1989, ஞாயிறு

பூசைக்கு எஸ்பியர்க் போகவேண்டும் என்று மாக்கிரட் கேட்டிருந்தாள். அக்கா வானைத் தந்துவிட்டு, திறப்பை என் கையில் வைத்து, "முழுநாளும் வைத்துக்கொள்" என்றார். மூன்று பேரும் முன் இருக்கையில் ஏறினோம். பிரியந்தி நடுவில், தாயோடு ஒட்டிக்கொண்டு.

ஊர் எல்லைச் சந்தியில் வேகத்தைக் குறைத்து இரண்டுக்கு இறக்கினேன். இந்த வலக்கை இருக்கிறதே. கர்ர் என்று பல் கடித்தது, முழுச் சந்தியும் திரும்பிப் பார்க்கிற சத்தம்.

"அப்பா, அப்பிடிப் போடக்கூடாது! இங்கர் அக்கா மெல்லமாத்தான் போடுறவ."

மாக்கிரட் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு ரோட்டுத் தெரியவில்லை, ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது.

"ஓம் பிள்ளை," என்றேன். "இனி மெல்லமாப் போடுறன்."

"பாப்பம்," என்றாள்.

பிறகு எஸ்பியர்க் போய்ச் சேரும்வரை அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒவ்வொரு கியரையும் மெல்லமாகப் போட்டேன்.